செங்காந்தள்: வளர்ப்பும் பராமரிப்பும்

செங்காந்தள் என்பது வெப்பமண்டலப் பகுதிகளில் வளரும், பூக்கும் ஏறுகொடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. ஆப்பிரிக்காவில் உள்ள சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுதான். அழகுக்காக வீட்டுத் தோட்டத்திலும், மருந்துப் பொருளுக்காக வயலிலும் இக்கொடி வளர்க்கப்படுகிறது. அதே வேளையில் வேர் முதல் விதை வரை முழுவதும் கொடிய நஞ்சுடைய தாவரம் இது. எனவே செங்காந்தள் வளர்ப்போர் கொடியைப் பேணும் முறையோடு, அக்கொடியிடமிருந்து குழந்தைகளையும் கால்நடைகளையும் காக்கும் முறையையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

பெயர்கள்

காந்தள் என்பது இதன் பழந்தமிழ்ப் பெயர். சங்க இலக்கியத்தில் குறிஞ்சி நிலத்துப் பூவாகவும் முருகனுக்கு உரிய பூவாகவும் காந்தள் பேசப்படுகிறது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. பெண்களின் விரல்களுக்குக் காந்தள் இதழை உவமையாகச் சொல்வது சங்கப் புலவர்களின் வழக்கம்.

இதன் கிழங்கு ஏர்க் கலப்பையைப் போல வளைந்து இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்ற பெயர் வந்தது. வடமொழியில் வழங்கும் இலாங்கலி என்ற பெயருக்கும் கலப்பையே அடிப்படை. கொங்கு வட்டாரத்தில் விவசாயிகள் இதைக் கண்வலிக் கிழங்கு என்றே அழைக்கின்றனர். இப்பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் அப்பெயர் வந்ததாக ஊர்களில் சொல்வார்கள். கார்த்திகை மாதத்தையொட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்ற பெயரும் உண்டு. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்குவது இப்பெயரே. ஈழத்தில் மாவீரர் நாள் நினைவோடு இணைந்த மலராகவும் இது அறியப்படுகிறது. சிங்களத்தில் இதை நியங்கலா என்பர்.

பரவல்

வெப்பமண்டல ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா ஆகியவை இக்கொடியின் இயற்கை வாழிடங்கள். காட்டோரங்கள், புதர்க்காடுகள், வேலி ஓரங்கள், கடற்கரை மணல்வெளிகள் ஆகிய இடங்களில் மழைக்குப் பின் முளைத்து எழும். வளம் குறைந்த மண்ணிலும் வளரக்கூடியது. ஆனால் நீர் தேங்கும் இடத்தில் நிலைக்காது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் தோட்டங்களிலிருந்து தப்பிச் சென்று மணல்மேடுகளில் களையாகப் பரவியுள்ளது. நெதர்லாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில் கொய்மலராகப் பயிரிட்டு விற்கின்றனர்.

தமிழ்நாட்டில் திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும், திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம் பகுதிகளிலும், கரூர் மாவட்டத்தின் அரவக்குறிச்சிப் பகுதியிலும் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பகுதிகளிலும் இப்பயிர் உண்டு.

கொடியின் அமைப்பு

செங்காந்தளை நன்றாக வளர்க்க, அதன் உடலமைப்பில் நான்கு கூறுகளை அறிவது அவசியம்.

முதலாவது கிழங்கு. இது 'V' அல்லது 'L' வடிவில் இரண்டு கைகளாகக் கிளைத்திருக்கும். பெரும்பாலும் ஒரு கை நீளமாகவும் மற்றொன்று குட்டையாகவும் இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்து மட்டுமே உண்டு. உருளைக்கிழங்கில் பல கண்கள் இருப்பதால் எங்கு வெட்டி நட்டாலும் ஏதாவது ஒரு கண் முளைக்கும். செங்காந்தளில் அந்த வசதி இல்லை. நுனி ஒடிந்துவிட்டால் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காமல் வீணாகும். வளர்ப்பவர்களுக்கு ஏற்படும் இழப்புகளில் பெரும்பகுதி இந்த நுனி ஒடிவதால் வருவதே.

இரண்டாவது, கிழங்கின் ஆண்டுச் சுழற்சி. மழைக்காலத்தில் கிழங்கு முளைத்துக் கொடியாகிறது. கொடி வளர வளரப் பழைய கிழங்கு தன் சத்தை இழந்து சுருங்குகிறது. அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகிறது. காய் முற்றியதும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். கோடையில் மண்ணுக்கு அடியில் கிழங்கு மட்டும் உறக்கநிலையில் இருக்கும். கொடி காய்ந்ததும் செடி செத்துவிட்டதாக எண்ணித் தொட்டியைக் கொட்டிவிடுவதும், அதை உயிர்ப்பிக்க நாள்தோறும் தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுக விடுவதும் புதிதாக வளர்ப்போர் செய்யும் தவறுகள்.

மூன்றாவது இலை. இக்கொடிக்கென்று தனியாகப் பற்றுக்கம்பிகள் இல்லை. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, அருகில் உள்ள குச்சியையோ கம்பியையோ சுற்றிப் பிடிக்கிறது. மெல்லிய பிடிமானங்களை மட்டுமே இலைநுனியால் சுற்ற முடியும். பருமனான தூணையோ சுவரையோ பற்றி இக்கொடி ஏறாது. நல்ல பிடிமானம் கிடைத்தால் 3 மீட்டர் முதல் 5 மீட்டர் வரை ஏறும்.

நான்காவது பூ. ஆறு இதழ்களும் அலையலையான விளிம்புடன் பின்னோக்கி மடிந்து மேல்நோக்கி நிற்கும். மொட்டு விரியும்போது பசுமை கலந்த மஞ்சளாக இருந்து, பிறகு மஞ்சளும் சிவப்புமாகி, இறுதியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் ஒரே நாளில் பல நிறப் பூக்கள் தெரிவதற்கு இதுவே காரணம். ஆறு மகரந்தத்தாள்களும் வெளிநோக்கி விரிந்திருக்கும். சூல்தண்டு அடியிலேயே ஏறக்குறைய செங்கோணத்தில் வளைந்து, பக்கவாட்டில் நீண்டிருக்கும். இதனால் பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் எளிதில் விழாது. வண்ணத்துப்பூச்சி, தேனீ, தேன்சிட்டு போன்றவை வந்தால்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கும். விதைக்காகப் பயிரிடும் விவசாயிக்கு இந்த வளைவு ஒரு பெரிய வேலையைக் கொடுக்கிறது. அது கீழே விளக்கப்படுகிறது.

மண்ணும் தட்பவெப்பமும்

நீர் வடியும் செம்மண், செம்மண் கலந்த மணற்பாங்கான நிலம் ஆகியவை ஏற்றவை. களிமண் நிலமும் மழைநீர் நிற்கும் பள்ளமும் ஏற்றவை அல்ல. வெயில் நன்றாக விழும் இடம் தேவை. நாளில் பாதி நேரமாவது நேரடி வெயில் கிடைத்தால் பூ நன்றாக வரும். கொடி வெயிலை விரும்பினாலும் அதன் அடிப்பகுதி குளிர்ச்சியாக இருப்பது நல்லது. அடியில் காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ மூடாக்காகப் பரப்பி இதைச் செய்யலாம்.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

செங்காந்தளை விதை மூலமும் கிழங்கு மூலமும் வளர்க்கலாம். விதை முளைக்கப் பல வாரங்கள் ஆகும். முளைத்த செடி பூக்க 3 அல்லது 4 ஆண்டுகள் ஆகலாம். ஆகவே கிழங்கு நடுவதே வழக்கம். ஒவ்வொரு கிழங்கும் ஏறக்குறைய 50 முதல் 60 கிராம் எடை இருந்தால் அதே ஆண்டில் நன்றாகப் பூக்கும். சிறிய கிழங்குகள் முதல் ஆண்டில் கொடியாக மட்டும் வளர்ந்து, அடுத்த ஆண்டில் பூக்கக்கூடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. கிழங்கின் நுனி முழுமையாகவும் காயமின்றியும் இருக்க வேண்டும்.
2. தொட்டால் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தாலோ பூஞ்சை படிந்திருந்தாலோ தவிர்க்க வேண்டும்.
3. இரண்டு கைகளும் இணைந்த கிழங்கைப் பிரிக்க வேண்டுமானால் கவட்டைப் பகுதியில் மெதுவாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நுனிக்குருத்து இருப்பது கட்டாயம்.
4. காட்டிலிருந்து தோண்டி எடுத்த கிழங்கை வாங்கக் கூடாது. விவசாயிகளிடமோ நம்பகமான நாற்றுப்பண்ணையிலோ வாங்க வேண்டும்.

நான்காவது விதிக்குக் காரணம் உண்டு. காட்டுக் கொடியின் காயைப் பறித்தால் கிழங்கு மண்ணிலேயே இருந்து மறு ஆண்டு முளைக்கும். கிழங்கைத் தோண்டினால் அக்கொடி அதோடு முடிந்துவிடும். மருந்துக்காகக் கிழங்கு தோண்டப்பட்ட இடங்களில் இயற்கையாக வளரும் செங்காந்தள் அருகிவருகிறது.

கிழங்கைக் கையாளும்போது கையுறை அணிய வேண்டும். கையுறை இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கையைக் கழுவ வேண்டும். கழுவாத கையால் கண்ணைத் தொடுவதோ உணவு உண்பதோ கூடாது.

வீட்டில் வளர்க்கும் முறை

ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. குறைந்தது 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள தொட்டி தேவை. அடியில் நீர் வடியும் துளைகள் இருக்க வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து தொட்டியை நிரப்பலாம். சிறிது வேப்பம் பிண்ணாக்கு சேர்ப்பது மண்ணில் உள்ள புழுக்களைக் கட்டுப்படுத்த உதவும்.

கிழங்கைப் படுக்கை வாட்டில் வைத்து, 6 முதல் 8 செ.மீ. ஆழத்தில் மண்ணால் மூட வேண்டும். குருத்து உள்ள நுனி தொட்டியின் நடுப்பகுதியை நோக்கி இருப்பது நல்லது; விளிம்பில் முட்டினால் முளை வளைந்து ஒடியக்கூடும். மூடியபின் மண்ணை அழுத்தி மிதிக்கவோ குத்தவோ கூடாது. நட்ட இடத்தில் ஒரு குச்சியை அடையாளமாக வைக்கலாம். பிடிமானத்துக்கான குச்சிகளையும் கம்பிவலையையும் கிழங்கு நடும் அன்றே ஊன்றிவிட வேண்டும். பின்னால் ஊன்றினால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில் குத்திவிடும்.

முளை வெளியே வரும் வரை மண் ஈரப்பதமாக இருந்தால் போதும். தண்ணீர் அதிகமானால் கிழங்கு அழுகும். முளைத்த பிறகு மேல்மண் காயும்போது தண்ணீர் விட வேண்டும். பூக்கும் காலத்தில் மண் முற்றிலும் காய விடக் கூடாது.

இளங்கொடி மிக எளிதில் ஒடியும். ஒரு தண்டு ஒடிந்தால் அந்தக் கிழங்கு அந்தப் பருவத்தில் மீண்டும் முளைப்பது அரிது. எனவே காற்று வேகமாக அடிக்கும் மாடி விளிம்பில் தொட்டியை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். கொடி ஒரு சாண் வளர்ந்ததும் அதைப் பிடிமானத்தின் மேல் மெதுவாகச் சாய்த்துவிட்டால், இலைநுனிகள் தாமே சுற்றிக்கொள்ளும். கயிற்றால் இறுக்கிக் கட்டத் தேவையில்லை. மூங்கில் சிம்பு, மெல்லிய கம்பிவலை, சணல் கயிறு, காய்ந்த மிலாறு ஆகியவை நல்ல பிடிமானங்கள்.

மாதம் ஒருமுறை மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ ஒரு கைப்பிடி இடலாம். தழைச்சத்து அதிகமுள்ள உரத்தைத் தொடர்ந்து இட்டால் இலை தழைக்கும், பூ குறையும். மொட்டு வரும் காலத்தில் சாம்பல் சத்து உதவும். விறகுச் சாம்பலைச் சிறிதளவு மண்ணில் கலக்கலாம்.

உறக்க காலப் பராமரிப்பு

பூ முடிந்து இலைகள் மஞ்சளாகத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பச்சையாக இருக்கும்போதே கொடியை வெட்டக் கூடாது. அந்த வாரங்களில்தான் இலையில் உள்ள சத்து புதிய கிழங்குக்குச் செல்கிறது. அவசரப்பட்டு வெட்டினால் அடுத்த ஆண்டுக் கிழங்கு சிறுத்துப்போகும்.

கொடி முழுவதும் காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, தொட்டியை மழை படாத நிழலில் வைக்கலாம். அடுத்த ஆனி மாதம் வரை அப்படியே விட்டுவிடலாம். கிழங்கை வெளியே எடுப்பதாக இருந்தால், தொட்டியைச் சாய்த்து மண்ணை உதிர்த்து எடுக்க வேண்டும். கரண்டியால் தோண்டக் கூடாது. எடுத்த கிழங்கைக் காய்ந்த மணலில் புதைத்து, காற்றோட்டமான இடத்தில் வைக்கலாம். சமையலறையிலும், காய்கறிக் கூடைக்கு அருகிலும் ஒருபோதும் வைக்கக் கூடாது. வைக்கும் பெட்டியில் 'நஞ்சு' என்று பெரிதாக எழுதி ஒட்டுவது கட்டாயம்.

வயலில் பயிரிடும் முறை

வயலை நன்றாக உழுது, மக்கிய தொழுவுரம் இட்டுப் பார்கள் அமைப்பர். வரிசைக்கு வரிசை 45 முதல் 60 செ.மீ. இடைவெளியும், கிழங்குக்குக் கிழங்கு 30 முதல் 45 செ.மீ. இடைவெளியும் விடுவது வழக்கம். நடுவதற்கு முன் கிழங்குகளைப் பூஞ்சைக்கொல்லிக் கரைசலிலோ சூடோமோனாஸ் போன்ற உயிர்க்கொல்லிக் கரைசலிலோ நனைத்து எடுப்பது அழுகலைத் தடுக்கும்.

கொடி ஏறுவதற்குக் கல்தூணும் கம்பியும் கொண்டு வேலி போன்ற அமைப்பை ஏற்படுத்துகின்றனர். கொங்கு வட்டாரத்தில் கிளுவைப் போத்துகளை நட்டு, கொடியை அவற்றின் மேல் ஏற்றுவதும் உண்டு. கிளுவை வறட்சியைத் தாங்குவது. அதன் மெல்லிய கிளைகள் இலைநுனி சுற்றிக்கொள்ள வசதியானவை. பாசனத்துக்குச் சொட்டு நீர் ஏற்றது. களை எடுக்கும்போது மண்வெட்டி ஆழமாக இறங்கினால் கிழங்கு வெட்டுப்படும். எனவே கொடியின் அருகில் கையால் களை பறிப்பதே பாதுகாப்பு.

ஒருமுறை நட்ட கிழங்கை ஆண்டுதோறும் தோண்டாமல், அதே வயலில் சில ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடலாம். நடவுக்கான முதல் செலவில் பெரும்பகுதி விதைக்கிழங்குக்கே போவதால், கிழங்கை அழுகாமல் காப்பதே விவசாயியின் முதலீட்டைக் காப்பதாகும்.

கையால் மகரந்தச் சேர்க்கை

சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்பதால், பூச்சிகளை மட்டும் நம்பினால் பல பூக்கள் காயாகாமல் உதிரும். ஆகவே விவசாயிகளும் தொழிலாளர்களும் காலை வேளையில் வரிசை வரிசையாகச் சென்று, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து வேறு கொடியில் உள்ள பூவின் சூல்முடியில் தொட்டுவைக்கின்றனர். மெல்லிய தூரிகையால் செய்யலாம். மகரந்தத்தாளையே பறித்துத் தடவுவதும் உண்டு. வெயில் ஏறுவதற்குள் இவ்வேலையை முடிக்க வேண்டும்.

பூக்கும் பருவம் முழுவதும் புதிய பூக்கள் விரிந்துகொண்டே இருப்பதால், இது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. ஒரு நாள் விட்டால் அன்றைய பூக்களின் விளைச்சல் போய்விடும். வடகிழக்குப் பருவமழை பூக்கும் காலத்தில் விடாமல் பெய்தால் மகரந்தம் கரைந்துபோகும், காய்ப்பிடிப்பு குறையும். பூக்கும் காலத்தில் காலை நேரத்தில் பூச்சிக்கொல்லி தெளித்தால் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் அழியும். தெளிக்க வேண்டியிருந்தால் மாலையில் தெளிப்பது நல்லது.

பூச்சியும் நோயும்

இக்கொடியின் முதன்மையான பகை லில்லிப் புழு. பொலிட்டெலா குளோரியோசே என்னும் அந்துப்பூச்சியின் புழு இது. கருநிற உடலில் வெண்மையும் செம்மையும் கலந்த புள்ளிகளுடன் இருக்கும். கூட்டமாக வந்து சில நாட்களில் இலைகள் முழுவதையும் தின்றுவிடும். மற்ற உயிர்களைக் கொல்லும் நஞ்சு இப்புழுவை ஒன்றும் செய்வதில்லை. வீட்டுத் தோட்டத்தில் கையுறை அணிந்து புழுக்களைப் பொறுக்கி அழிப்பதே எளிய வழி. தொடக்கத்திலேயே வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதும் பயன் தரும்.

கிழங்கு அழுகல் நோய் மண்ணில் வாழும் பூஞ்சைகளால் வருகிறது. இலை மஞ்சளாகி, கொடி திடீரென வாடி, அடித்தண்டு இற்றுவிடும். நீர் தேங்காமல் பார்ப்பதே முதல் தடுப்பு. மக்கிய தொழுவுரத்துடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடுவதும் உதவும். தாக்கப்பட்ட கிழங்கை உடனே அகற்ற வேண்டும். ஈரப்பதமும் மூட்டமும் நீடிக்கும் நாட்களில் இலைக்கருகல் நோய் வரும். இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும். நெருக்கமாக நடாமல் காற்றோட்டம் விடுவதும், பாதித்த இலைகளை அகற்றுவதும் நோயைக் குறைக்கும்.

அறுவடை

நட்டதிலிருந்து ஏறக்குறைய 160 முதல் 180 நாட்களில் காய்கள் முற்றுகின்றன. பச்சை நிறம் மங்கி, தோல் சுருங்கத் தொடங்கியதும் பறிக்க வேண்டும். கொடியிலேயே வெடிக்க விட்டால் விதை சிதறி வீணாகும். பறித்த காய்களை நிழலில் உலர்த்தினால் அவை மூன்று பிளவாக வெடித்து, உள்ளே செந்நிற விதைகள் தெரியும். விதைகளைப் பிரித்து மீண்டும் நிழலில் உலர்த்திச் சேமிக்கின்றனர்.

விதை உலர்த்தும் இடத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. சிவப்பாகப் பளபளக்கும் விதைகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும். கோழிகளும் கொத்தக்கூடும். உலர்த்தும் களத்தைச் சுற்றி வேலி இருப்பதும், ஆள் காவல் இருப்பதும் அவசியம். விதை வைத்திருந்த சாக்குகளில் தானியத்தைக் கொட்டி வைக்கக் கூடாது.

இப்பயிருக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை இல்லை. வாங்குவோர் மருந்து நிறுவனங்களும் அவற்றுக்காகக் கொள்முதல் செய்யும் வணிகர்களுமே. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், நடவுக்கு முன்பே வாங்குவோரைப் பற்றி விசாரித்து வைப்பது நல்லது.

மருந்தும் நஞ்சும்

செங்காந்தளின் மதிப்புக்கும் ஆபத்துக்கும் காரணம் கோல்ச்சிசின் என்ற ஒரே வேதிப்பொருள். 1820ஆம் ஆண்டில் பெல்லத்தியே, காவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதை ஐரோப்பாவில் வளரும் கோல்ச்சிகம் என்ற செடியிலிருந்து பிரித்தெடுத்தனர். செங்காந்தளும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கீல்வாதத்தின் ஒரு வகையான கௌட் நோயில் ஏற்படும் கடும் மூட்டு வலிக்குக் கோல்ச்சிசின் மாத்திரை இன்றும் தரப்படுகிறது. தசைப்பிடிப்புக்குத் தரப்படும் தயோகோல்ச்சிகோசைடு என்ற மருந்தைத் தயாரிக்கவும் செங்காந்தள் விதை பயன்படுகிறது.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நுண்ணிய இழைகள் உருவாகின்றன. அந்த இழைகள் உருவாகாமல் கோல்ச்சிசின் தடுத்துவிடுகிறது. இதனால் உயிரணுப் பிரிவு பாதியில் நின்றுபோகும். தாவர ஆய்வாளர்கள் இப்பண்பைப் பயன்படுத்தி, நிறமூர்த்தங்கள் இரட்டித்த புதிய பயிர் வகைகளை உருவாக்குகின்றனர். விதையில்லாத் தர்ப்பூசணி உருவானதும் இவ்வழியில்தான்.

மனித உடலில் அளவுக்கு மீறிக் கோல்ச்சிசின் சென்றால், வேகமாகப் பிரியும் உயிரணுக்கள் உள்ள குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் பாதிக்கப்படுகின்றன. சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி, கடும் வயிற்றுப்போக்கு தொடங்கும். பிறகு உடலின் நீர்ச்சத்து குறைந்து இரத்த அழுத்தம் இறங்கும். இரத்த அணுக்கள் குறைதல், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை தொடரலாம், உயிரிழப்பும் நேரலாம். பிழைத்தவர்களுக்குச் சில நாட்கள் கழித்துத் தலைமுடி கொட்டுவதும் உண்டு. வழக்கமாகக் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இதற்கு இல்லை. ஆகவே விரைந்து மருத்துவமனைக்குச் செல்வதே உயிர்காக்கும் வழி.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு, காட்டு வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி இதை வேகவைத்து உண்டு நஞ்சேறிய நிகழ்வுகள் இந்தியாவிலும் இலங்கையிலும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. வேகவைப்பதால் இந்த நஞ்சு போய்விடாது. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் இக்கிழங்கு முறையான சுத்திக்குப் பிறகே சேர்க்கப்படுகிறது. வீட்டு வைத்தியமாக இதை உட்கொள்வதும் பூசுவதும் மிக ஆபத்தானவை.

பாதுகாப்பு விதிகள்

1. சிறு குழந்தைகள் விளையாடும் இடத்திலும், பள்ளி வளாகத்தில் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்திலும் இக்கொடியை வளர்க்கக் கூடாது.
2. கிழங்குப் பயிர்கள் உள்ள பாத்திக்கு அருகில் நடக் கூடாது.
3. வெட்டிய கொடியையும் இலையையும் ஆடு, மாடு மேயும் இடத்தில் போடக் கூடாது. தீவனத்தோடு கலக்கக் கூடாது.
4. பூவைத் தலையில் சூடுவதையும் உணவில் அலங்காரமாக வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.
5. பழைய கிழங்கைக் குப்பையில் வீசாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும்.
6. யாராவது தவறுதலாக உண்டுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணிலும், இலங்கையில் 1990 என்ற எண்ணிலும் அவசர ஊர்தியை அழைக்கலாம். உண்ட கிழங்கின் மிச்சத்தையோ கொடியின் ஒரு துண்டையோ பையில் போட்டு எடுத்துச் சென்றால், மருத்துவர் நஞ்சை விரைவில் அடையாளம் காண முடியும்.

இந்த விதிகளைக் கடைப்பிடித்தால் செங்காந்தளை அச்சமின்றி வளர்க்கலாம். நுனி ஒடியாத கிழங்கு, நீர் தேங்காத மண், மெல்லிய பிடிமானம், கோடையில் தொந்தரவில்லாத உறக்கம் ஆகிய நான்கும் அமைந்தால், ஆடியில் நட்ட கிழங்கு ஐப்பசி, கார்த்திகையில் பூத்துக் குலுங்கும். வேலியோரத்தில் தானாக வளரும் கொடியைக் கண்டால், பூவைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுக் கிழங்கை மண்ணிலேயே விட்டுவைப்பதுதான் அந்த இனத்துக்குச் செய்யக்கூடிய சிறந்த பராமரிப்பு.